எட்டு ஜாக்கெட்டும் அண்ணியின் ஞாயிற்றுக்கிழமையும்

எங்கள் வீட்டு மிக்ஸிக்கு அண்ணி ஒரு பாவாடை தைத்திருந்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே பாவாடைதான். இடுப்பில் சுருக்கு, நாடா, கீழே இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு பார்டர். அம்மாவின் பழைய நூல் புடவையில் நைந்துபோகாத இடமாகப் பார்த்து வெட்டியது. மிக்ஸியைத் தலைவழியாக மூடி நாடாவைக் கட்டிவிட்டால், சமையல்கட்டு மேடையில் ஒரு குட்டிப் பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். "இதுக்கு ஜடை பின்னி உடலையாம்மா?" என்று அப்பா கேலி செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறுப்பு நூலில் ஜடையும் பின்னித் தைத்துவிட்டாள். அது யாருக்கும் தேவையில்லை. மிக்ஸிக்கு நிச்சயமாகத் தேவையில்லை. தேவையில்லாத ஒன்றைச் செய்வதில்தான் அவளுக்குச் சந்தோஷம் இருந்தது என்பது எங்கள் வீட்டில் ஒரு ஜென்மத்துக்கும் புரியவில்லை. எனக்கும்தான்.

இதை எழுத உட்கார்ந்ததே கோபத்தில்தான், மறைக்க ஒன்றுமில்லை. போன மாதம் என் வீட்டுக்காரர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என் இஷ்டத்துக்குச் செய்து பார்க்கும் கேக்குகளின் படங்களை அதில் போட்டு, ஆபீஸ்காரர்களிடமும் சொந்தக்காரர்களிடமும் ஆர்டர் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். வாரம் ஆறு நாள் ஷூ கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் நின்று கால் வீங்கி வருகிறவள் நான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால், "ஒனக்குப் புடிச்ச வேலதானே, இதுல இன்னா கஷ்டம்?" என்கிறார். மனுஷர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. ஏனென்றால் இதே வார்த்தையைப் பல வருடங்களுக்கு முன்னால், ஆம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறேன். அப்போது அது என் அண்ணியிடம் சொல்லப்பட்டது. சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

அண்ணிக்கு நெமிலிப் பக்கம் ஒரு கிராமம். அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு வந்த மூன்றாவது மாதமே ஷூ கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். ஸ்டிச்சிங் லைனில் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கான தோல் துண்டுகள் வெட்டி வரும். அவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். தள்ளிவிட்டுத் திரும்பினால் அடுத்தது வந்து நிற்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும் மணி பார்ப்பார்கள். தோலில் ஒரு கெட்ட குணம் உண்டு. துணியில் தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம், தடம் தெரியாது. தோலில் ஊசி ஒருமுறை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். தையல் கொஞ்சம் விலகினாலும் அந்தத் துண்டு ரிஜெக்ட். லைன் முழுக்கக் கேட்கும்படி சூப்பர்வைசர் கத்துவார். அண்ணி அப்படித் திட்டு வாங்கியது ரொம்பக் கம்மி என்று அவளோடு கம்பெனி பஸ்ஸில் வருகிற பெண்கள் சொல்வார்கள். அவ்வளவு சுத்தமான கை.

கம்பெனியில் இன்னொரு சட்டமும் உண்டு. நான் வேலை பார்க்கும் இடத்தில் இன்றைக்கும் அது இருக்கிறது. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கிக் காகிதத்தில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு காணாமல் போனாலும் மெஷினை நிறுத்திவிட்டுத் தேட வேண்டும். ஷூவுக்குள் போய்விட்டால் யார் காலிலாவது குத்திவிடும் அல்லவா. அண்ணி இந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். கல்யாணச் சீர்வரிசையில் வந்த அவளுடைய கறுப்பு கால்மெஷின் கூடத்து ஜன்னல் ஓரம் இருந்தது. அதில் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி எடுத்துப் பழைய காலண்டர் அட்டையில் செல்லோடேப் போட்டு ஒட்டிவைப்பாள். வெறுங்காலோடு திரிகிற வீடு, அதனால் இந்தக் கெடுபிடி. தையல் விஷயத்தில் அவள் எங்களிடம் கண்டிப்பு காட்டியது இது ஒன்றில் மட்டும்தான்.

மற்றபடி ஞாயிற்றுக்கிழமை அண்ணி வேறு ஆள். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டோடு சமையல்கட்டுக்குள் நுழைவாள். எதையாவது புதிதாகச் செய்து பார்த்தாக வேண்டும் அவளுக்கு. பச்சை வேர்க்கடலை வருகிற பருவத்தில், கறிக்குப் பதிலாக வேர்க்கடலையைப் போட்டு ஒரு பிரியாணி செய்தாள். ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் செய்ய யாருக்குத் துணிச்சல் வரும்? அப்பா தட்டைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டு, "கறி இன்னாம்மா ஆச்சு, ஓடிப்போய்ட்ச்சா?" என்றார். சொல்லிவிட்டு இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆற்காட்டு மக்கன்பேடா இனிப்பை யாரோ வாங்கிவந்து ஒரே ஒரு முறை தின்றவள், அதைத் தானே செய்து பார்க்கிறேன் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கு நின்றாள். முதல் வாரம் சர்க்கரை ஜீராவில் போட்டதும் கரைந்து பாயசமாகிவிட்டது. இரண்டாம் வாரம் சுவரில் அடித்தால் சுவர் உடையும். மூன்றாம் வாரம் உள்ளே முந்திரிக்குப் பதிலாக வறுத்த தேங்காயும் பேரீச்சம்பழமும் வைத்தாள். வந்தது மக்கன்பேடா இல்லை. என்னவென்றும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அப்படி ஒரு ருசியை அதற்குப் பிறகு நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. இதுக்குப் பேர் என்ன அண்ணி என்று கேட்டேன். "பேரு வெச்சா அடுத்த தரமும் அதே மாரி செய்யணும். வேணாம் போ" என்றாள்.

பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபிறகு மெஷினில் உட்காருவாள். கரண்டிகளுக்கு அறை அறையாக ஒரு பை தைத்தாள். டிவி ரிமோட்டுக்குப் பட்டன் வைத்த சட்டை. நாலு பக்கமும் நாலு கலர் வைத்த தலையணை உறை. கடையில் எடைக்குக் கிடைக்கும் மெல்லிய தோல் துண்டுகளை வாங்கிவந்து தனக்கென்று ஒரு பர்ஸ் தைக்க வேண்டும் என்றுகூட ஒரு எண்ணம் இருந்தது. அதற்காகவே வீட்டு மெஷினில் பொருந்துகிற தோல் ஊசி ஒரு பாக்கெட் வாங்கி மெஷின் டிராயரில் போட்டுவைத்திருந்தாள். சில நாள், மாலை வரை தைத்ததை மொத்தமாகப் பிரித்துப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். முகத்தில் சலிப்பே இருக்காது. இவ்வளவு நேரமும் வீணாகப் போயிற்றே என்று ஒருமுறை நான் அங்கலாய்த்தேன். பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "கம்பெனில ஆறு நாளும் தப்பே பண்ணக் கூடாது பாப்பா. இங்கன்னா பண்லாம். பிரிச்சிக்கலாம். கேக்க ஆளு இல்ல."

கேட்க ஆட்கள் வந்தார்கள். முதலில் வந்தது பக்கத்து வீட்டுக்காரம்மா. தலையணை உறையைப் பார்த்து அசந்துபோய், எனக்கு ஒரு ஜாக்கெட் தைத்துத் தருவாளா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். "அதுக்கு இன்னா, எங்க மருமவ தெச்சிக் குடுப்பா, அவளுக்கு அதுன்னா உசுரு" என்று வாசலிலேயே வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் அம்மா உள்ளே வந்து சொன்னாள். அப்புறம் அத்தை. அப்புறம் சித்திகள் இரண்டு பேர். சித்தியின் நாத்தனார். சமையலிலும் அதே கதை. "எங்க மருமவ கைப்பக்குவத்த ஒரு நாளு வந்து பாருங்க" என்று அப்பா ஊரெல்லாம் பெருமையடித்ததில், ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலு பேர் சாப்பாட்டுக்கு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். விருந்தாளிக்கு வேர்க்கடலை பிரியாணி போட முடியுமா? அதே கறிக்குழம்பு, அதே ரசம், வாராவாரம். ஜாக்கெட்டும் அப்படித்தான். அளவு ஜாக்கெட்டைக் கொடுப்பார்கள், அச்சு அசலாக அப்படியே வர வேண்டும். கழுத்து அரை விரல் இறங்கினால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு திருப்பி அனுப்புவார்கள்.

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கம்பெனிக்காரனாவது ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டான். எங்கள் குடும்பம் அந்த ஏழாவது நாளிலும் கூடத்திலேயே ஒரு லைன் போட்டு அவளை உட்கார வைத்துவிட்டது. அதையும் அதிகாரமாகச் செய்யவில்லை, பாராட்டிப் பாராட்டிச் செய்தது. அண்ணன்கூட, "ஏய், ஒனக்குத்தான் இது புடிக்குமே, அப்பறம் இன்னா சலிச்சிக்கிற?" என்று செய்தித்தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்வான். ஒருத்தி ஒன்றை ஆசையாகச் செய்கிறாள் என்று தெரிந்தால், அவள் தலைமேல் நம் பங்குக்கும் ஒரு மூட்டையை ஏற்றிவைக்கலாம் என்று எப்படித்தான் மனுஷர்களுக்குத் தோன்றுகிறதோ! எனக்கும் தோன்றியதே. காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த நான், மஞ்சளில் ஒரு துணியைக் கொண்டுபோய் மெஷின்மேல் வைத்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு அண்ணி, பஃப் கை வெச்சி. உங்களுக்குத்தான் இதெல்லாம் புடிக்குமே" என்றேன். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அந்தத் துணி என் அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு. வெள்ளிக்கிழமை நிச்சயம், அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்குள் எட்டு ஜாக்கெட் தைத்தாக வேண்டும். அக்காவுக்குப் பட்டு. அம்மாவுக்கு, அத்தைக்கு, சித்திகள் இருவருக்கு, சித்தியின் நாத்தனாருக்கு, பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கு, எனக்கு. எட்டில் அண்ணிக்கென்று ஒன்றுகூட இல்லை என்பதை நான் இன்றைக்கு விரல்விட்டு எண்ணித்தான் கண்டுபிடிக்கிறேன். ஒரு வாரமாகக் கம்பெனியிலிருந்து வந்ததும் வராததுமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டி, தனித்தனியாகச் சுருட்டி, மெஷின் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அண்ணி கம்பெனிக்குப் போயிருந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். என் சுடிதார் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே வேலை அதிகமாக இருக்கிற அண்ணியை எதற்குத் தொந்தரவு செய்வது என்ற நல்லெண்ணமெல்லாம் இல்லை, எனக்கு அவசரம். நானே மெஷினில் உட்கார்ந்தேன். மடிப்பு கனமாக இருந்த இடத்தில் வேகமாக மிதித்ததில் ஊசி படீரென்று உடைந்தது. காலண்டர் அட்டை ஞாபகம் வந்தது. துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கடையில் போட்டேன். டிராயரில் துழாவியபோது கைக்கு வந்த பாக்கெட்டைப் பிரித்து ஒரு ஊசியை எடுத்து மாட்டி, ஸ்க்ரூவை முறுக்கி, நூலையும் முன்பு இருந்ததுபோலக் கோத்துவிட்டு எழுந்தேன். ஊசியில் என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? ஊசி ஊசிதான் என்று நினைத்தேன். நான் எடுத்தது அண்ணி பர்ஸுக்காக வாங்கிவைத்திருந்த தோல் ஊசி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து எட்டுக்கும் கையால் ஓட்டுத்தையல் போட்டுவைத்துவிட்டு, மத்தியானம்தான் அண்ணி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். அடுப்புப் பக்கம் போகவில்லை. அண்ணன் கடையிலிருந்து பிரியாணி வாங்கிவந்தான். கூடத்தில் பேப்பர் விரித்து எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணியின் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. கால்மெஷின் ஓடுகிற சத்தத்தில் டிவி சரியாகக் கேட்கவில்லை என்று அப்பா சத்தத்தைக் கூட்டினார். ராத்திரி வெகுநேரம் கழித்து எட்டு ஜாக்கெட்டையும் மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். தையல் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் வரிசைத்தட்டை நீட்டியபோது அக்கா இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். கைக்குழியிலிருந்து தோள்வரை தையல் ஓரமாகப் பட்டு பிளந்துகொண்டது. நூல் அறுந்திருந்தால் பரவாயில்லை, இரண்டு தையல் போட்டுவிடலாம். தையலை ஒட்டித் துணியே வரிசையாக விட்டிருந்தது, தபால் தலையைக் கிழித்த மாதிரி. அம்மா பதறிப்போய் ஓடி வந்து புடவைத் தலைப்பால் அவளை மூடினாள். மூடக் கையைத் தூக்கியதில் அம்மாவுடையதும் போயிற்று. சந்தனக் கிண்ணத்தை எடுக்க எட்டிய அத்தைக்கு முதுகு. சிறிது நேரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நடமாடினோம். மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி, பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். சின்னப் பெண்கள்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா சமையல்கட்டில் குப்புற விழுந்து அழுதாள்.

விருந்தாளிகள் போனதும் ஆரம்பித்தது. "கம்பெனில வெள்ளக்காரன் காலுக்கு கண்ணுல வெளக்கெண்ணெ ஊத்திக்கினு தெக்கிறா. ஊட்டுக்குன்னா ஏனோதானோ!" என்றாள் அம்மா. வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்றாள் அத்தை. "நாலு பேரு முன்னால பேஜார் பண்ணிட்டியே" என்று அண்ணன் கத்தினான். கிழிந்த ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அண்ணியின் மடியில் எறிந்தார்கள். அவள் ஒவ்வொன்றையும் எடுத்து, கிழிந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து, மடித்துப் பக்கத்தில் வைத்தாள். எனக்கு நான் உடைத்த ஊசியின் ஞாபகம் வந்தது. ஊசி உடைந்ததற்கும் துணி கிழிந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பொத்தினாற்போல ஒரு மூலையில் நின்றேன். அன்று அந்த வீட்டில் வாயைத் திறந்திருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். த்தூ, என்ன பிறவி நான்!

அதன்பிறகு அண்ணியிடம் ஒருத்தரும் துணி கொடுக்கவில்லை. அவளுக்குக் கை போய்விட்டது என்று சொந்தத்தில் பேச்சு பரவியது. கல்யாண வீடுகளில் அவள் காதுபடவே, "இவகிட்ட மட்டும் ஜாக்கெட் குடுத்துடாத" என்று சிரிப்பார்கள். அப்பா வெட்கப்பட்டுக்கொண்டு விருந்தாளிகளைக் கூப்பிடுவதையும் விட்டுவிட்டார். அக்கா மட்டும் இன்றைக்கும் அண்ணியோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் படிப்பை முடித்து இந்தக் குவாலிட்டி வேலைக்கு வந்த முதல் மாதம், பயிற்சி வகுப்பில் இரண்டு ஊசிகளின் நுனியைப் பெரிதாக்கித் திரையில் காட்டினார்கள். துணி ஊசியின் நுனி உருண்டு கூர்மையாக இருந்தது, அது இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோல் ஊசியின் நுனி சின்னக் கத்தி, அது வெட்டிக்கொண்டு போகும். துணியில் அதை ஓட்டினால் தையலுக்குத் தையல் இழை அறுபடும், தைத்த அன்று தெரியாது, உடுத்தும்போது விட்டுப்போகும் என்றார் பயிற்சி கொடுத்தவர். அவ்வளவு சுத்தமான கையை ஊரே எள்ளி நகையாடியதற்குக் காரணம் நான்தான் என்று தெரிந்த பிறகும், நேரில் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மாவையும் அண்ணனையும் அத்தையையும் மனசுக்குள் திட்டித் தீர்ப்பது சுலபமாக இருந்தது. அதையே வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தேன்.

கேக் சண்டை வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் பள்ளிகொண்டாவுக்கு பஸ் ஏறினேன். அண்ணனும் அண்ணியும் தனியாக வீடு கட்டிக்கொண்டு அங்கே போய்ப் பல வருடம் ஆகிறது. அண்ணன் எங்கேயோ வெளியே போயிருந்தான். கம்பெனி வேலையை விட்டுவிட்ட அண்ணி, மூக்குக்கண்ணாடியோடு அதே கால்மெஷினில் உட்கார்ந்து கேஸ் சிலிண்டருக்குக் கோட் தைத்துக்கொண்டிருந்தாள். கோட்டில் இரண்டு பாக்கெட் வேறு. என்னைப் பார்த்ததும் எழுந்துபோய், பலாக்கொட்டையை அரைத்துச் சுட்ட வடை நாலைத் தட்டில் போட்டுக் கையில் கொடுத்தாள். "எப்பிடி இருக்குதுன்னு சொல்லு. நல்லா இல்லன்னாலும் சொல்லு" என்றாள். நன்றாகத்தான் இருந்தது. நான் தின்றுகொண்டே வீட்டுக்காரரின் குரூப்பைப் பற்றிப் பொரிந்து தள்ளினேன். பேச்சோடு பேச்சாக, எப்படி வந்ததென்றே தெரியாமல், அந்தச் சனிக்கிழமையும் வெளியே வந்துவிட்டது. ஊசி உடைந்தது, சாக்கடையில் போட்டது, பாக்கெட்டைப் பிரித்தது, எல்லாம். சொல்லி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன்.

அண்ணி மெஷினை நிறுத்தவில்லை. கோட் பாக்கெட்டின் மூலையைத் திருப்பித் தைத்து முடித்துவிட்டுத்தான் பேசினாள். "தெரியுமே" என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

"வருசக்கணக்கா தோலுல ஓட்டன ஊசி பாப்பா. பட்டுல எறங்கன மொத தையல்லயே டப்பு டப்புன்னு சத்தம் வந்துச்சி. டிராயர தெறந்தா பாக்கெட்டு பிரிஞ்சி கெடக்குது. ஊட்ல அன்னிக்கு பேன்ட்டு கட் பண்ணிப் போட்டுக்கினு இருந்தவ நீ ஒருத்திதான்."

"தெரிஞ்சுமா எட்டையும் தெச்சீங்க?"

"எட்டையும்தான் தெச்சேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். வருடக்கணக்காக நான் உள்ளுக்குள் புழுங்கிச் செத்திருக்கிறேன். அக்கா இன்னும் பேசாமல் இருக்கிறாள். அத்தை சொன்னது உண்மையாகிவிட்டது. இவள் என்னடாவென்றால் சிலிண்டருக்குக் கோட் தைத்துக்கொண்டு சாவகாசமாகச் சொல்கிறாள். பெயரையே கெடுத்துக்கொண்டீர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகவா என்று கேட்டேன். "அதுக்கப்பறம் வந்த எல்லா ஞாயித்துக்கெழமைக்கும்" என்றாள். அந்தப் பதில் என் கோபத்தை இன்னும் கிளறியது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தியே கேட்டேன்:

"என்னால முடியாதுன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமே அண்ணி?"

அப்போதுதான் அவள் மிதிப்பதை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் கண்ணில் நான் கோபத்தைப் பார்த்தது அன்றுதான்.

"மூணு தரம் சொன்னேன். உங்க அம்மாகிட்ட ஒரு தரம். உங்க அண்ணன்கிட்ட ஒரு தரம். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அந்த ஞாயித்துக்கெழம, ஊசி மாறி இருக்குதுன்னு தெரிஞ்சதும், மாத்தலாம்னு ஸ்க்ரூவ லூசு பண்ணிட்டேன். கைய ஸ்க்ரூ மேலயே வெச்சிக்கினு, எல்லாரும் சாப்ட்டுக்கினு இருந்தப்ப திரும்பி ஒக்காந்து சொன்னேன். என்னால ஆவல, இதெல்லாம் வெளிய டெய்லர்கிட்ட குடுத்துடுங்கன்னு. சத்தமாத்தான் சொன்னேன். ஒருத்தரும் தலயத் தூக்கல. நீ கத்திரிக்கா தொக்கு இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி உங்க அம்மாகிட்ட தட்ட நீட்டிக்கினு இருந்த. ஸ்க்ரூவ திருப்பி முறுக்கிட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையை மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். பேப்பர் விரித்துச் சாப்பிட்ட பிரியாணி ஞாபகம் இருக்கிறது. அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டியது ஞாபகம் இருக்கிறது. எட்டுச் சுருட்டலில் எந்தத் துணி எந்த நிறம் என்று இப்போதும் சொல்வேன். கத்திரிக்காய் தொக்கில் புளி சற்றுத் தூக்கலாக இருந்ததுகூட நாக்கில் இருக்கிறது. அண்ணி திரும்பி உட்கார்ந்ததும் சொன்னதும் மட்டும் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. மறந்துபோகவில்லை, அன்றைக்கு அது என் காதிலேயே விழவில்லை.